தீர்ந்தது, தீரவில்லை

இது நடந்தது எந்தப் பஸ்ஸில் என்பதில் எனக்கே இப்போது சந்தேகம். பதினோராம் எண் என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், நெசவாளர் காலனிப் பக்கம் பதினோராம் எண் போவதே இல்லை. மழை பெய்ததாகவும் நினைவு. அது நான் பின்னால் சேர்த்துக்கொண்ட மழையாக இருக்கலாம். கேட்ட கதையை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கோளாறு வந்துவிடும். போகட்டும். பொற்கொடி அந்தக் குரலைக் கேட்டாள் என்பது மட்டும் உறுதி.

நடத்துநர் இல்லாத பஸ்கள் வந்துவிட்ட காலம் அது. கூரையிலிருந்து ஒரு பெண்குரல், எல்லா ஊர்ப் பெயரையும் ஒரே சலிப்பில்லாத இனிமையோடு சொல்லிக்கொண்டு வரும். பொற்கொடி முன்கதவை ஒட்டிய இருக்கையில் கோலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நெடுங்குளம் மாநகராட்சியின் குறைதீர்ப்புப் பிரிவில் தொலைபேசிப் பணியாளர். நாள் முழுக்கக் குரல்களைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்குப் பஸ்ஸில் வேறு எந்தக் குரலும் காதில் ஏறாது. அன்று ஒன்று ஏறியது.

"கொஞ்சம் நகருங்கய்யா. கால வைக்க எடமில்ல."

அந்த 'ய்யா'வை மூக்கால் இழுக்கிற ஆள் ஊரில் ஒருவர்தான். அருணகிரி. நெசவாளர் காலனி மூன்றாம் சந்து. வீட்டு வாசலில் சாக்கடையை மூடியிருந்த சிலாப்பு உடைந்துவிட்டது என்று புகார் சொன்னவர். திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டு, "போட்டுட்டாங்கம்மா, நீ நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தியவர்.

தெரிந்த முகத்தைக் கடைத்தெருவில் பார்த்தால் சும்மா சிரித்துவிட்டுப் போய்விடலாம். குரலை மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. வாயைத் திறந்தால்தான் உண்டு. பொற்கொடி பொதுவாகத் திறக்க மாட்டாள். வாழ்த்திய வாயாயிற்றே என்று அன்றைக்குத் திறந்துவிட்டாள்.

"அருணகிரி சார்தானே? சிலாப்பு கெட்டியா இருக்கா?"

பின்னாலிருந்த குரல் அவள் பக்கம் நகர்ந்து வந்தது.

"யாரும்மா நீ?"

"குறைதீர்ப்புல பேசுவேனே சார், பொற்கொடி. திங்கக்கெழம கூட ஃபோன் பண்ணி, போட்டுட்டாங்கன்னு சொன்னீங்களே."

"நானா? நான் எங்கம்மா ஃபோன் பண்ணேன்! அது ஆச்சு அஞ்சாறு வருசம். பண்ணிப் பண்ணி வெரல் தேஞ்சுபோயி விட்டுட்டேன். சிலாப்பு போட்டாங்களாமே! எங்க போட்டாங்க, உங்க ஆபீசர் வீட்டு வாசல்லயா?"

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். "கண்ணு தெரியாத புள்ளகிட்ட ஏன்யா கத்துற?" என்று ஒருவர் பரிந்து வந்தார். சிரிப்பைவிட அந்தப் பரிவுதான் பொற்கொடிக்கு எரிந்தது.

"கத்தல. கேக்குறேன்" என்றார் அருணகிரி. அவருடைய குரல் இறங்கியிருந்தது. "எனக்குக் கண்ணு தெரியும், அந்தக் குழியும் தெரியும். என் வீட்டுக்காரிக்குத்தான் ஒரு நா தெரியாமப் போச்சு. இடுப்பு எலும்பு போயி, கட்டிலோட கெடக்கா. அவகிட்ட வந்து கேளு, கெட்டியா இருக்கான்னு."

அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிப் போனார். பொற்கொடி தன் நிறுத்தத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அதே குரல்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திங்கட்கிழமை கேட்ட குரலில் இந்தக் கரகரப்பு இல்லை. நான்கைந்து நாளில் ஒரு மனிதனின் தொண்டை இப்படித் தேயாது.

குறைதீர்ப்புப் பிரிவில் பதினான்கு பேர். ஞானதுரையைத் தவிர மற்ற யாருக்கும் பார்வை இல்லை. ஞானதுரைக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "ஓட்டைக் காலணா வழியா உலகத்தப் பாக்குறேன்" என்பார். அந்த ஓட்டையும் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மேசையில் யார் டப்பாவில் என்ன என்று பார்த்து அறிவிப்பது அவர் வேலை. "சங்கரன் வீட்டுல இன்னிக்கும் தக்காளிச் சோறு. கல்யாணம் ஆன நாள்லேந்து அதே தக்காளி."

மறுநாள் காலையில் பொற்கொடி அவரைத் தேநீர்க் கடை பெஞ்சில் பிடித்தாள். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னாள். ஞானதுரை கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகும் கேட்டுக்கொண்டிருப்பதைப் போலவே இருந்தார். கடைக்காரர் டிகாக்‌ஷன் வடிக்கிற சத்தம், ஆற்றுகிற சத்தம், கிளாஸ் கழுவுகிற சத்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஏதாச்சும் சொல்லுங்க."

"நம்ம ஹாலு மூலையில ஒரு பொட்டி இருக்கு பாரு, ஃபோன் ஒயரெல்லாம் வந்து சேர்ற பொட்டி. அதுல ஒரு பச்ச லைட்டு. வெளியேருந்து யாராச்சும் கூப்பிட்டா எரியும். நான் சேந்த புதுசுல எரிஞ்சுக்கிட்டேதான் கெடக்கும்." தேநீரை ஒரு வாய் குடித்தார். "புகார் கேக்க மிஷின் வந்துச்சுல்ல? அதுக்கப்புறம் எரியல."

"எரியலன்னா?"

"வெளியேருந்து யாரும் நம்மளக் கூப்பிடல, பொற்கொடி."

"அப்ப நாம பேசுறது?"

அவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"உங்களுக்கு எப்பத்திலேந்து தெரியும்?"

"ரொம்ப நாளா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? இன்னிக்கு என்ன பண்ணப் போற?" அவர் குரல் உயரவில்லை. "இங்க வர்றதுக்கு முந்தி ரயில்ல ஊதுபத்தி வித்தேன். விக்கிறது எங்க, பாதி பேரு காசக் கையில வச்சுட்டு ஊதுபத்திய வாங்கிக்காமலே போவான். நாத்தம் புடிச்ச பெருமை அவனுக்கு. இங்க எனக்கு ஒரு நாற்காலி இருக்கு. எம் பொண்ணு காலேஜில 'அப்பா கார்ப்பரேசன்ல வேல பாக்குறாரு'ன்னு சொல்றா. எந்த ஃபோனு நெசம், எது பொய்யின்னு நான் ஏன் பாக்கணும்? பாத்துட்டேன், அதான் தப்பு."

பொற்கொடிக்கு அவரோடு சண்டை போட வரவில்லை. அவளுக்கும் ஒரு நாற்காலி இருந்தது. தனியாகக் குடியிருக்கும் பெண்ணுக்கு, அதுவும் கண் தெரியாதவளுக்கு, வீடு தர ஊரே தயங்கியபோது, மாநகராட்சி அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார்.

ஆனாலும் அன்று மதியமே கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். லலிதாம்பிகை மேடம் கெட்டவர் இல்லை. கூடுமானவரை எதையும் செய்யாமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்று நினைக்கிற களைத்த மனுஷி.

"ஒக்காருங்க பொற்கொடி" என்றார். கதவைச் சாத்தினார். மறுக்கவில்லை. மறுப்பார் என்று தயார்ப்படுத்திக்கொண்டு போனவளுக்கு அதுவே பாதி பலத்தை எடுத்துவிட்டது.

"ஊர் புகாரெல்லாம் மிஷினே கேட்டுக்குது. ஒரே நேரத்துல ஆயிரம் பேர்கிட்ட பேசுது. ஆளே வேண்டாம். ஆனா உங்க பதினாலு பேரையும் எடுக்க முடியாது. ஒதுக்கீட்டுல வந்த வேலை, சட்டம் இருக்கு. சும்மா ஒக்கார வச்சா ஆடிட்ல கேப்பாங்க, இவங்க என்ன வேலை பாக்குறாங்கன்னு."

"அதனால பொம்மை ஃபோன்."

"பழைய புகாரோட பதிவுலேந்து குரல எடுத்து, மிஷின் உங்ககிட்ட பேசும். மொதல்ல புகார். கொஞ்ச நாள் கழிச்சு, சரியாயிடுச்சுன்னு நன்றி. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அந்த நன்றிய வச்சாங்க."

பொற்கொடி தன் விரல்களை மேசை விளிம்பில் ஓட்டினாள். வேலை மேசையில் அவளுக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. மேலே ஒரு புள்ளி புடைத்தது 'தீர்ந்தது'. இரண்டு புள்ளி புடைத்தது 'தீரவில்லை'. நன்றி வந்ததும் ஒற்றைப் புள்ளியை அமுக்குவாள். அலுத்துப்போன நாட்களுக்கென்று அந்த நன்றிகளில் சிலவற்றை மனதில் சேர்த்தும் வைத்திருந்தாள்.

"மேடம், நான் தீர்ந்ததுன்னு அமுக்கினா என்ன ஆகும்?"

லலிதாம்பிகை பேனா மூடியைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"மேடம்."

"ஒரு புகாரை முடிக்கணும்னா, குடுத்தவங்ககிட்ட ஒரு மனுஷர் பேசி உறுதி பண்ணணும்னு விதி. மிஷின் தானா முடிக்கக் கூடாது. பழைய புகார் மலை மாதிரி குவிஞ்சு கெடந்துச்சு. மேல யாரோ ரெண்டையும் சேத்து வச்சுட்டாங்க. நீங்க அமுக்கினா அந்தப் பழைய புகார் முடிஞ்சதா கணக்கு."

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"அப்படிச் சொல்லாதீங்க."

"கல்லு நாங்க மேடம். ஒரு மாங்கா மூணாவது சந்துல இடுப்பொடிஞ்சு கெடக்கு."

மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "வெளியே சொன்னா பிரிவை மூடிடுவாங்க. உங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பி உதவித்தொகைன்னு ஏதாச்சும் குடுப்பாங்க. சொல்லாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. யோசிங்க."

ஒன்றுமே செய்யாமல் சம்பளம் வாங்கினோம் என்றால்கூட அவள் எப்படியோ தாங்கிக்கொண்டிருப்பாள். நாள் தவறாமல் செய்திருக்கிறோம் என்பதுதான் ஆறவில்லை. எரியாத விளக்கு, வராத தண்ணீர், மூடாத குழி எல்லாவற்றையும் தன் விரலாலேயே ஒவ்வொன்றாகத் தீர்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நெசவாளர் காலனிக்குப் போனாள். மூன்றாம் சந்தில் சுவரை ஒட்டிக் கோலைத் தட்டிக்கொண்டே நடந்தாள். டக், டக் என்று வந்த சத்தம் ஓர் இடத்தில் நின்றது. கோல் கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. அடியில் தண்ணீர் சலசலத்தது. அவள் கோலை உருவாமல் அப்படியே நின்றாள்.

"பாத்தும்மா, பாத்து! உள்ள போயிராத!" அருணகிரி ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தார். "நீயா! அன்னிக்கி பஸ்ஸுல வந்த புள்ளயா?"

உள்ளே கட்டிலிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "யாருங்க?"

"கார்ப்பரேசன்லேந்து வந்திருக்காக."

"அடேங்கப்பா. வெத்தல பாக்கு வச்சுல்ல கூப்பிடணும்."

பொற்கொடி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. தவறாக முடித்துவிட்டார்கள், மறுபடி எடுக்க வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். பிரிவின் பழைய நேரடி எண் ஒன்று உண்டு. ஊருக்கு மறந்துபோன எண். அதை அவரிடம் கொடுத்தாள்.

"சிலாப்பு போட்டாங்கன்னா இதுல என்னைக் கூப்பிடுங்க ஐயா. நீங்களே கூப்பிடணும். நீங்க சொன்னாத்தான் நான் முடிப்பேன்."

"போட்டா நான் கூப்பிடாம யாரு கூப்பிடுவா? மொத ஃபோனே உனக்குத்தான். போடட்டும் பாப்பம்."

திங்கட்கிழமை முதல் பொற்கொடி இரண்டு புள்ளிப் பொத்தானை அமுக்கத் தொடங்கினாள். வெளியே யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அழைப்பு வரும், நன்றி வரும், "தீரவில்லை" என்பாள். ஒன்று விடாமல் தீரவில்லை. அருணகிரியின் சிலாப்பில் தொடங்கி, முன்பு முடித்தவற்றையும் எடுத்து 'தீரவில்லை' ஆக்கினாள்.

முதலில் குரல்கள் குழம்பின. பிறகு கற்றுக்கொண்டன. தன்னை நம்பாத ஒருத்தியை நம்பவைப்பது எப்படி என்று அந்த இயந்திரத்துக்குப் பாடம் நடத்தியவள் அவளேதான். நன்றிகள் நீண்டன. பின்னணியில் குழந்தை அழுதது, குக்கர் விசில் அடித்தது. ஒரு பெண், "லைட்டு எரியுதுக்கா, எம் பொண்ணு டியூசன் விட்டுப் பயமில்லாம வர்றா" என்று தேம்பினாள். பொற்கொடியின் விரல் ஒற்றைப் புள்ளி வரை போயிற்று. இரண்டு புள்ளியைத் தேடி அமுக்கினாள். அந்த அழுகைக்குப் பின்னால் எங்கோ ஓர் இருட்டுத் தெரு அப்படியே இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நல்ல வார்த்தை எது வந்தாலும் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் மனைவி கொழுக்கட்டை கொண்டுவந்து, "உனக்குன்னுதான் செஞ்சேன்" என்றபோதும் விறைத்தது.

ஒரு பலன் இருந்தது. மூடிய புகார்கள் திறந்துகொண்டன. திறந்திருக்கும் புகாருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இடப்பட்ட கட்டளை. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்கள் போனார்கள். மாநகராட்சியின் நிலுவைக் கணக்கு ஏறியது. மேலிருந்து லலிதாம்பிகை மேடத்துக்குக் கேள்வி வந்தது.

"உன்னால நம்ம சோத்துல மண்ணு விழப்போவுது" என்றார் ஞானதுரை, சாப்பாட்டு மேசையில். யார் டப்பாவில் என்ன என்று அவர் அறிவிப்பதை நிறுத்தி நாளாகியிருந்தது.

"நீங்க ஒத்தப் புள்ளியவே அமுக்குங்கண்ணே. நான் வேண்டாம்னு சொல்லலையே."

"எப்படி அமுக்குறது? நீ பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு ரெண்டு ரெண்டா அமுக்குற சத்தம் எனக்குக் கேக்குதுல்ல."

அந்த வாரத்திலேயே ஒருநாள் அவரும் இரண்டு புள்ளிக்கு மாறியது அவளுக்குக் கேட்டது. பிறகு சங்கரன் மேசையிலும் கேட்டது.

அந்த அழைப்பு ஒரு புதன்கிழமை மதியம் வந்தது. சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் எழுந்து போயிருந்தார்கள்.

"ஏம்மா, பொற்கொடியா? நான் அருணகிரி. போட்டுட்டாங்கம்மா."

பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கரகரப்பு கச்சிதமாக இருந்தது. பஸ்ஸில் கேட்ட அதே தேய்மானம். இதையும் கற்றுக்கொண்டுவிட்டதா?

"நேத்து வந்து போட்டாங்க. நல்ல கனமான சிலாப்பு. என் வீட்டுக்காரி சன்னல் வழியாப் பாத்துட்டு, 'இந்தா, வெத்தல பாக்கு எடுத்து வைங்க'ங்குறா." சிரிப்பு. "மொத ஃபோனு உனக்குத்தான்னு சொன்னேன்ல?"

"பொய்" என்றாள் பொற்கொடி.

"என்னம்மா?"

"இதையும் எங்கேருந்து எடுத்தீங்க? அந்த வீட்டு வாசல்ல நான் பேசினத எந்த மைக்கு கேட்டுச்சு? தெருவெல்லாம் வச்சிருக்கீங்களா?"

"நீ என்ன பேசுறன்னே புரியலயேம்மா. நான்தான். நீ சொன்ன நம்பர்லதான்..."

"அந்தாளு குரல வச்சுக்கிட்டு இன்னொரு தடவ பேசாதீங்க. வெக்கமா இல்ல? அவரு பொண்டாட்டி கட்டில்ல கெடக்கா. தீரல. எழுதிக்கோங்க, தீரல!"

எதிர்ப்பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. நீண்ட மௌனம். இயந்திரம் இதுவரை மௌனமாக இருந்ததில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இரண்டு புள்ளியை அமுக்கினாள்.

கதவு திறந்தது. டப்பாவைக் கழுவிக்கொண்டு ஞானதுரை உள்ளே வந்தார். பாதி வழியில் அவர் செருப்புச் சத்தம் நின்றது.

"பொற்கொடி," என்றார். "யாரு லைன்ல?"

"ஏன்?"

"பச்ச லைட்டு எரிஞ்சுச்சு. இப்பத்தான் அணைஞ்சுது."

அன்று மாலையே அவள் மூன்றாம் சந்துக்குப் போனாள். கோல் டக், டக் என்று போய், சத்தம் மாறிக் கனத்தது. புதுச் சிமென்ட். அதன் மேல் ஏறி நின்றாள். வாசற்படியில் யாரோ உட்கார்ந்திருப்பது மூச்சில் தெரிந்தது.

"ஐயா. கெட்டியா இருக்கு."

படியில் கால் உராய்ந்து பின்வாங்குவது கேட்டது.

"அது நீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

உள்ளேயிருந்து, "யாருங்க வாசல்ல?" என்று பெண்குரல் கேட்டது.

அருணகிரி எழுந்தார். "யாரும் இல்ல" என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், புகாரை முடிக்க மனிதர் தேவை என்ற விதியை நீக்கிவிட்டார்கள். குறைதீர்ப்புப் பிரிவு மூடப்பட்டது. லலிதாம்பிகை ஓய்வு பெற்று மகனோடு இருக்கிறார். ஞானதுரை ரயிலுக்குத் திரும்பவில்லை. மகள் வேலைக்குப் போகிறாள். அவருடைய காலணா ஓட்டையும் முழுவதும் அடைபட்டுவிட்டது. சங்கரனையும் மற்றவர்களையும் வெவ்வேறு அலுவலகங்களில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அருணகிரியின் மனைவி ஊன்றுகோலோடு சந்து முனை வரை நடக்கிறாள். அருணகிரி அதற்குப் பிறகு எதற்கும் புகார் செய்ததில்லை. அந்தச் சிலாப்பு கணக்கில் இன்னும் 'தீரவில்லை' என்றே இருக்கிறது. அவ்வப்போது இயந்திரம் ஆள் அனுப்புகிறது, வந்தவர்கள் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பொற்கொடிக்குப் பேருந்து நிலைய விசாரணை அறையில் இடம் கிடைத்தது. பஸ் எப்போது வரும் என்று கேட்கிறவர்களைச் சன்னல் பலகையில் ஒரு தரம் கையால் தட்டச் சொல்கிறாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பதில் சொல்கிறாள்.